மாமனாரின் ரிவால்வருக்கு நான் வைத்த குறி

ஒரு பொருள் சரியாக வேலை செய்யவில்லை என்றால் கோளாறு பொருளில்தான், நம்மிடம் இல்லை என்று நம்புகிற ரகம் நான். மிக்சி ஓடவில்லையா, மிக்சியைக் கழற்று. ஸ்கூட்டர் கிளம்பவில்லையா, கார்புரேட்டரைக் கழற்று. (பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் மூன்றாம் கட்ட நடவடிக்கை.) பிழைப்பும் அதற்குத் தோதாகவே அமைந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், டெல்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். கருவி தப்பாகக் காட்டினால் திருகாணியைத் திருகிச் சரியாகக் காட்ட வைத்து, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அளக்கிறவன் கை எப்படி என்று விசாரிக்கச் சொல்லி எங்கள் கையேட்டில் ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் கல்யாணம் நான்கு மாதம் தள்ளிப் போயிருக்காது.

அப்போது எனக்கும் மலருக்கும் நிச்சயதார்த்தம் முடிந்து, தை மாதத்தில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள். மலரின் அப்பா, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம், வீடு ஜனக்புரியில். அவரிடம் லைசென்ஸ் வாங்கிய சின்ன ரிவால்வர் ஒன்று இருந்தது. உள்ளங்கையில் வைத்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுதளத்துக்குப் போய் அட்டையில் சுடுவதுதான் மனிதரின் ஒரே பொழுதுபோக்கு. வருடா வருடம் டிசம்பரில் ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு அங்கே ஒரு போட்டி நடக்கும். மூன்று வருடமாகச் சௌத்ரி என்கிற இன்னொரு சுபேதாருக்கு அடுத்த இடம்தான் மாமாவுக்குக் கிடைத்தது. இந்த வருடம் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

அதற்காகவே வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டார். ரிவால்வரில் குறி பார்க்க உதவும் முன்குறி, பின்குறிகளையும் (இங்கிலீஷில் சைட்) மாற்றினார். பழைய முன்குறி தேய்ந்து ஊசி போல ஆகியிருந்ததால், பழைய டெல்லியில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடம் கொடுத்து, சிவப்புப் பொட்டு வைத்த தடித்த முன்குறி போட்டு வாங்கி வந்தார். பின்குறியாக நகர்த்தக்கூடிய ஒரு தகடு. அதில் எறும்புக்கண் அளவில் இரண்டு திருகாணிகள். ஒன்று மேலும் கீழும் நகர்த்த, மற்றது இடமும் வலமும் நகர்த்த.

புதுக் குறியைச் சுட்டுப் பார்த்துத்தான் நேர் செய்ய முடியும். டாக்டரோ ஒரு மாதத்துக்குத் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடியுடன் சோபாவில் உட்கார்ந்து மாமா புலம்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நான் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ரேஞ்சுல யார்கிட்டயாவது குடுக்கலாமேப்பா?" என்றாள் மலர்.

"இன்னாம்மா பேசற? அங்க இருக்கறவன் பாதிப் பேரு சௌத்ரி ஆளு."

நுணலும் தன் வாயால் கெடும். நான் வாயைத் திறந்தேன். "அதுவும் ஒரு அளவுக்கருவிதான மாமா. நான் செட் பண்ணித் தாரேன்."

"நீ துப்பாக்கி சுட்டிருக்கியா மாப்ள?"

"காலேஜ்ல என்.சி.சி. மாமா."

(என்.சி.சி.யில் நான் ஒழுங்காகப் போனது பூரி கொடுக்கும் நாட்களில் மட்டும். சுடும் பயிற்சி நடந்த அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். சத்தம் என்றால் எனக்கு ஆகாது. தீபாவளிக்கு ஊதுவத்தியைக் கம்பில் கட்டி வெடி கொளுத்தியவன் நான்.)

அடுத்த ஞாயிறு சுடுதளம். எல்லாரும் உஸ்தாத் என்று கூப்பிடும் பொறுப்பாளர் காதுக்கு மூடி கொடுத்து, குழல் எப்போதும் அட்டையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு அடுத்த தடத்துக்குப் போனார். மாமா என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடியோடு அவருக்கு நான் இருப்பது தெரியும், நான் செய்வது தெரியாது.

நானும் மூச்சைப் பிடித்துக் குறி பார்த்தேன். விசையை அழுத்தினேன். டமார்! கண்ணைத் திறந்து பார்த்தேன். திறந்தேன் என்றால் அதற்கு முன் மூடியிருந்தது என்றுதானே அர்த்தம்? ஐந்து குண்டும் அப்படியே போயின. சத்தம் வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் கண் தானாக மூடிக்கொண்டது, மணிக்கட்டு ஒரு முழுக்குப் போட்டது.

"எங்க வுழுது?"

"இடது பக்கம், கீழ மாமா. அஞ்சும்."

"சுடறப்ப கண்ண மூடறியா?"

"சேச்சே!"

"கை வெடுக்குனு இழுக்குதா?"

"கல்லு மாதிரி இருக்கு மாமா."

வருங்கால மாமனாரிடம், அதுவும் சண்டை பார்த்த மனிதரிடம், நான் பயந்தாங்கொள்ளி என்று எப்படி ஐயா சொல்வது? பழி முழுவதையும் குறியின் மேல் போட்டேன். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். வலப்பக்கம் நகர்த்தினேன், மேலே உயர்த்தினேன். மறுபடி சுட்டேன். அப்போதும் இடதுதான், கீழேதான். மறுபடி திருகினேன்.

மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. நோட்டுப் போட்டு எந்தத் திருகாணி எத்தனை சுற்று என்று எழுதி வைத்தேன். விடாக்கண்டனாக நின்றேன். என் பயத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது ஒழுக்கமான பயம். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவுதான் பயப்படும். அதனால் மூன்றாம் ஞாயிறு நான்கு குண்டு கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. மாமா அட்டையை வாங்கி விரலால் தடவி ஓட்டைகளை எண்ணினார்.

"சபாஷ் மாப்ள! இஞ்சினீயர்னா இன்னான்னு காட்டிட்ட!"

திருகாணிகள் அசையாமலிருக்க மலரின் ரோஸ் நிற நகப்பூச்சை ஒவ்வொரு சொட்டு வைத்து இறுக்கினேன். மனசு ஓரத்தில் ஒன்று உறுத்தியது உண்மை. முடிவு சரியாக வந்துவிட்டது, வழியை யார் கேட்கப்போகிறார்கள் என்று அதை அடக்கிவிட்டேன்.

போட்டி நாள் வந்தது. மாமா இஸ்திரி போட்ட கோட்டு, ராணுவத் தொப்பி, ஆபரேஷன் முடிந்த புதுக் கண். ஒத்திகைக்கு ஐந்து குண்டு உண்டு. சுட்டார். ஐந்தும் வலது பக்கம், மேலே. கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா, சைட்ட ஒரு தடவ பாருங்களேன்" என்றாள் மலர்.

"மாப்ள மூணு வாரம் உக்காந்து செட் பண்ணதும்மா. சைட்ல ஒன்னுமில்ல. கண்ணுதான்."

அப்படியே போட்டியையும் சுட்டார். எல்லாம் வலது மேல் மூலை. பதினோரு பேரில் பதினோராவது இடம். சௌத்ரி நல்ல மனிதர், அதுதான் கொடுமை. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து மாமாவின் தோளைத் தட்டி, "கோயீ பாத் நஹீ(ன்) சாப், உமர் ஹோ கயீ" என்றார். பரவாயில்லை, வயசாகிவிட்டது என்று ஆறுதல்.

மாமா ரிவால்வரைப் பெட்டியில் வைத்து மூடினார். "டாக்டர் கண்ணு நல்லாயிடுச்சின்னான். ஆவல. நாளைக்கே லைசென்ஸ திருப்பிக் குடுத்துடறேன். இனிமே எனக்கு இது வாணாம்மா." மலர் அழ ஆரம்பித்தாள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பழி கண்ணோடு போய்விடும், எனக்குத் தையில் கல்யாணம். ஆனால் அந்த மனிதர் தன் கண்ணைவிட என்னை நம்பியிருந்தார். அதை நினைத்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மாமா, உங்க கண்ணுல ஒன்னுமில்ல. நான்தான் கண்ண மூடிட்டுச் சுட்டேன்."

"எப்ப?"

"எப்பவும்."

"எல்லா குண்டுமா? மூணு வாரமுமா?"

"ஆமா மாமா. நான் பயத்துல கீழ இழுத்தத சரிக்கட்டத்தான் சைட்ட மேல தூக்கிட்டேன்."

சுற்றி நின்றவர்களுக்கு மலர் விக்கலுக்கு நடுவே இந்தியில் சொல்லிவிட்டாள். (இந்த உதவி தேவையே இல்லை.) மாமா உஸ்தாதிடம் கேட்டு ஒரு புது அட்டை மாட்டச் சொன்னார். பெட்டியைத் திறந்தார். இந்த முறை அட்டையின் இடது கீழ் மூலையைக் குறி பார்த்தார். ஐந்து குண்டு. உஸ்தாத் அட்டையை எடுத்து வந்தார். ஐந்து ஓட்டையும் நட்டநடுவில், ஒரு சாத்துக்குடியை வைத்து மறைத்துவிடலாம்.

மாமா அட்டையைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி இல்லாத அந்தக் கண்ணில் தண்ணீர். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாரே, சௌத்ரியின் கையிலிருந்த கோப்பை ஆடியது. உஸ்தாத் என்னைப் பார்த்து, "நாச் ந ஜானே, ஆங்கன் டேடா" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நம்மூர்ப் பழமொழி இவர்களிடமும் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் அவசரமாகத் திருப்புளியை எடுத்தேன். "இப்பவே பழையபடி வச்சிடுதேன் மாமா."

"கைய எடு!" என்று ஒரு அதட்டல். "சைட் இப்டியே இருக்கட்டும். இத வெச்சி நடுவுல சுட்டீன்னா இன்னும் கண்ண மூடறன்னு அர்த்தம். அஞ்சும் வலது பக்கம் மேல வுழணும். அன்னிக்குத்தான் கல்யாணத் தேதி. சமஜ் மே ஆயா?"

புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது. தை போயிற்று. சேரன்மாதேவியிலிருந்து அம்மா போன் செய்தாள். "ஏல, எதுக்குல தேதியத் தள்ளிப் போடுதாவ?"

"நான் இன்னும் சரியாக் குறி தப்பலம்மா."

"அங்கன போயி என்ன வேலைல பாக்க?"

ஞாயிறு தவறாமல் போனேன். நான் நடுவட்டத்தில் சுடுவதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் "வாஹ்!" என்பார்கள். மாமா தலையில் அடித்துக்கொள்வார். மலர் பின்னால் நின்று, "தெறங்க, தெறங்க" என்று பிரசவ வார்டு போலக் கத்துவாள். கையெல்லாம் வலித்தது, மானம் எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் இந்தத் துப்பாக்கியா நானா என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. சித்திரைக் கடைசியில் ஒரு காலை, குழல் முனையில் நெருப்புப் பொறி தெறிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். இத்தனை நாள் அங்கே நெருப்பு வந்துகொண்டிருந்தது என்பதே எனக்குத் தெரியாது. ஐந்து குண்டும் வலது பக்கம், மேலே. மாமா கண்ணாடி போட்டு, கண்ணாடி கழற்றி, இரண்டு தடவை எண்ணினார். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பின்குறியை அவரே நேர் செய்துகொண்டார், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த டிசம்பரில் சௌத்ரிக்கு இரண்டாம் இடம்.

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. டெல்லித் தமிழர் வீட்டு விசேஷம் எதுவாக இருந்தாலும் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் புது ஆட்கள் நடுவில் நிறுத்துவார். "இவருதான் எங்க மாப்ள. சுட்டாரு, அஞ்சு குண்டும் குறி தப்பிச்சி. ஒடனே பொண்ணக் குடுத்துட்டேன்" என்பார். அவர்கள் விழிப்பார்கள். இவர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் பந்திக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். மிச்சத்தை நான்தான் சொல்லியாக வேண்டும், கண்ணை மூடிக்கொண்டதிலிருந்து ஆரம்பித்து.