வெர்னியர் அளக்காத வண்டி

புதுச்சேரியில் ஓடிக்கொண்டிருந்த பழைய முந்நூற்றைம்பது சி.சி. ஜப்பான் வண்டிகளை எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றைக்கூட வாங்காமல் திருப்பிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் வெர்னியர்தான். பெண் பார்க்கப் போய் சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுக் கடிதம் போடுவதாகச் சொல்லி நழுவும் மாப்பிள்ளைகள் உண்டு. இவர் அப்படிப் பதினான்கு வீடு பார்த்தவர்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. வேறெங்கும் அது புழங்கவில்லை. சேதராப்பட்டில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற வேலை. அதற்கான வெர்னியர் என்கிற எஃகு அளவுகோலை மற்றவர்கள் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் சொந்தக் காசில் ஒன்று வாங்கி, பேனா குத்தும் இடத்தில் குத்திக்கொண்டு அலைந்தார். உப்பளத்தில் நாங்கள் கூடும் டீக்கடையில் வடையைக்கூட அளந்துவிட்டுத்தான் கடிப்பார்.

"நேத்து பதினெட்டு மில்லிமீட்டர். இன்னிக்குப் பதினஞ்சு. இன்னா மாஸ்டர், உளுந்து கப்பல் ஏறிடுச்சா?"

"ஓட்டையையும் சேத்து அளந்துக்கண்ணே, சரியா வந்துரும்" என்பார் மாஸ்டர், எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஓர் அலுவலகத்தில் பதிவேடுகளோடு வாழ்ந்தவன். தேதி போடாமல் எதையும் எழுத வராது. அதனால்தான் அவர் என்னைப் பிடித்தார். 2001 மார்கழியில் ஒரு ஞாயிறு காலை, சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்த என் முன்னால் ஒரு புது நோட்டை நீட்டினார்.

"சார், நீங்க பத்தி போட்டு எழுதுற ஆளு. நான் பாக்குற வண்டியெல்லாம் இதுல ஏறணும். தேதி, எஞ்சின் நம்பர், புகை வாசல் அளவு. கடைசி பத்தி மட்டும் எனக்கு."

அந்த வண்டியில் இரண்டு வகை எஞ்சின் உண்டு. முதலில் வந்தது ஹெச்.டி.; இழுவை அதிகம். பெட்ரோலை இப்படிக் குடிக்கிறதே என்று ஜனம் பயந்ததால், இழுவையைக் குறைத்துப் பின்னால் வந்தது எல்.டி. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். சைலன்சரைக் கழற்றி, சிலிண்டரில் புகை வெளியேறும் வாசலை அளந்தால்தான் குட்டு வெளிப்படும். ஓடும்போது எல்.டி.யின் குரல் கொஞ்சம் அமுங்கி இருக்கும் என்பார்கள். என் காதுக்கு இரண்டும் ஒரே இரைச்சல்தான்.

வெர்னியருக்கு ஹெச்.டி. மட்டும்தான் வண்டி. எல்.டி.க்கு அவர் வைத்த பெயர் 'பூனை'. கல்யாணமான புதிதில் அவரிடம் ஒரு முந்நூற்றைம்பது இருந்து, பிறகு கைமாறிப் போய்விட்டதாம். "என் வண்டி ஹெச்.டி. சார். சிதம்பரத்துக்கு அவள உக்கார வச்சிப் போனா, பஸ்ஸெல்லாம் நிக்குற மாதிரி இருக்கும். பூனையால முடியுமா அது?" அந்தக் காலத்தில் அவர் அதை அளந்து பார்த்தாரா என்று கேட்டேன். அப்போது இரண்டு வகை இருப்பதே தெரியாது என்றார். சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும் எனக்கு. வரவில்லை.

வண்டிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் தரகர் கலியன். பாவம், அவரே ஓட்டியது ஒரு எல்.டி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை விற்கப் பார்த்து விற்காமல் போனதால் ஓட்டிக்கொண்டிருந்தார். வெர்னியர் அதில் ஏறவே மாட்டார். கலியன் வண்டியில் முன்னால் போக, நாங்கள் இருவரும் டெம்போவில் பின்னால் போவோம்.

ஒருமுறை பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சொல்தா வீட்டுக்குப் போனோம். வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது. வெர்னியர் குப்புறப் படுத்து சைலன்சரைக் கழற்றினார்; அளந்தார்; டார்ச் அடித்துப் பார்த்து மறுபடி அளந்தார். முக்கால் மணி நேரம். சொல்தா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முசியே, வண்டி பாக்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டத்துக்கு வந்தீங்களா?"

அசல் ஹெச்.டி. கலியன் மகிழ்ச்சியில் என் கையைக் கிள்ளினார். வெர்னியர் மட்டும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "ஒரு ரவுண்டு எடுத்துப் போய் வீட்ல காட்டிட்டு வந்துர்றேன்."

எந்த வண்டியானாலும் அந்த ஒரு சுற்று அவர் வீட்டுக்குத்தான். இருபது நிமிஷம் கழித்துத் திரும்புவார். இறங்கி, துணியால் சீட்டைத் துடைத்து, சாவியை உரியவர் கையில் கொடுப்பார். "இது இல்லிங்க." அவ்வளவுதான். என் நோட்டில் கடைசிப் பத்தியில் ஒரு சிறிய சுழி போடுவார். அன்றும் அதுவே நடந்தது.

கலியன் வெடித்தார். "யோவ் அண்ணே! அந்தம்மா இன்னா பெரிய இன்ஸ்பெக்டரா? சன்னல்லருந்து ஒரு பார்வை பாத்துட்டு வேணாம்னு சொல்லிடுதா?"

வெர்னியர் அதற்குச் சிரித்தார். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். இத்தனைக்கும் அவர் மனைவி படுக்கையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நோயாளியிடம்கூட அனுமதி கேட்கிற அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் பதினான்கு ஹெச்.டி., பதினான்கு சுழி. 2006 பங்குனியில், அரியாங்குப்பத்தில் பதினைந்தாவது இருப்பதாகச் செய்தி வந்தது. டீக்கடையிலிருந்து கிளம்பும்போது வெர்னியர் சட்டைப் பையைத் தடவினார். முகம் வெளுத்தது. அளவுகோலை வீட்டில் மறந்து வைத்துவிட்டார்! பதினைந்து வருஷத்தில் முதல் தடவை என்றார் மாஸ்டர்.

"ஏறுண்ணே, ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டு வந்துர்லாம்" என்றார் கலியன்.

"பூனை மேலயா?"

"பூனதான். கடிக்காது. ஏறு."

வேறு வழியில்லாமல் ஏறினார். கடைசியில் நான் தொற்றிக்கொண்டேன். மூன்று பேரோடு அந்த எல்.டி. முனகிக்கொண்டே அவர் தெருவுக்குள் நுழைந்தது. சன்னல் ஓரம் நின்றது. வெர்னியர் இறங்கி உள்ளே போக, தண்ணீர் குடிக்க நானும் போனேன். நேரமாகிறது என்று கலியன் வெளியே ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் அந்த அம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது, பேச்சும் நின்றுபோனது. மகள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. அந்தத் தலை மெல்லச் சன்னல் பக்கம் திரும்பியது. வலது கை போர்வைக்கு வெளியே வந்தது. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தோளைப் பிடிப்பதுபோல் காற்றைப் பிடித்தது.

வெர்னியர் கையிலிருந்த அளவுகோல் தரையில் விழுந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினார்: "கலியா! நிறுத்தாத! நிறுத்தாத!"

"பெட்ரோல் தீந்துரும்ணே!"

"தீரட்டும்டா!"

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காற்றில் இருந்த அந்தக் கைக்குத் தன் தோளைக் கொடுத்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "படுத்த புதுசுல, தெருவுல எவனோ இந்த வண்டில போனான் சார். அப்ப ஒரு தடவ திரும்புனா. யாருன்னு ஓடிப் போய்ப் பாக்குறதுக்குள்ள போயிட்டான். அந்தச் சத்தத்ததான் தேடிட்டிருந்தேன். நம்ம வண்டி ஹெச்.டி.ன்னு நானே முடிவு பண்ணிட்டு... பூனைன்னு சொன்னேனே சார். அந்தச் சத்தம் டீக்கடை வாசல்லயே நின்னுட்டிருந்துச்சே."

விஷயம் தெரிந்ததும் கலியன் சாவியைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு நடந்தே போனார். அவர் நடந்து போய் நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதன்பின் தினமும் மாலை, தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வெர்னியர் வண்டியை எடுப்பார். தெருமுனை வரை போய், திரும்பி வந்து, சன்னலில் நிற்பார். சில நாள் அந்த அம்மாள் திரும்புவார்; சில நாள் இல்லை. திரும்பிய நாட்களில் டீக்கடைக்கு வந்து எங்களிடம், "இன்னிக்குச் சிதம்பரம் போயிட்டு வந்தோம்" என்பார். வடையை அளப்பார். மாஸ்டரைத் திட்டுவார். ஏழு மாதம் இப்படிப் போனது.

ஐப்பசி அடைமழையில் அந்த அம்மாள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாள் கழித்து நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். அரியாங்குப்பத்து வண்டியை நாங்கள் போய்ப் பார்க்கவே இல்லை; பதினைந்தாவதாகக் கலியன் வண்டியின் எஞ்சின் நம்பரை எழுதியிருந்தேன். அளவு மட்டும் காலியாக இருந்தது. அரைகுறைக் கட்டம் எனக்கு ஆகாது. அந்தப் புத்தியில் கேட்டுத் தொலைத்தேன். அவர் மறுக்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, ஸ்பேனரை நட்டில் மாட்டினார். திருகாமலே எடுத்துவிட்டார்.

"வேணாம் சார். உட்டுருங்க."

கடைசிப் பத்தியிலும் அவர் சுழி போடவில்லை.

அன்று மாலை அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். கலியன் நகர்ந்து இடம் கொடுத்தார். மாஸ்டர் கேட்காமலே ஒரு வடையைக் காகிதத்தில் வைத்து நீட்டினார். தனியாகத் தட்டியது என்று பார்த்தாலே தெரிந்தது, ஓட்டையே மூடியிருந்தது.

"அளந்து பாருண்ணே" என்றார் மாஸ்டர்.

வெர்னியரின் கை சட்டைப் பை வரை போனது. கருவி அங்கேதான் இருந்தது. கை வெறுமனே திரும்பி வந்தது. அளக்காமலே, கடைசித் துண்டு வரை சாப்பிட்டார்.

அந்தத் தேதிக்கு எதிரே என் டைரியில் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: வடை பெரியது.