நெகட்டிவோடு அனுப்பவும்

இந்த ஃபிலிம் ரோலில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதையும் மேட்டுப்பாளையம் மண்டிக்காக வைத்திருக்கிறேன். பவுடர் பூசி, பூ வைத்து நின்று, அதிலிருந்து ஒரு படத்தை எனக்காக எடுத்து, இதோ இதுதான் பெண் என்று கோபிசெட்டிபாளையத்துக்கு அனுப்ப வேண்டுமாம்.

லோகப்பிரியா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்னூர் வீட்டுக் கூடத்தில், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தரகர் ரவிக்குமார் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"குலம் கூட்டம் பாத்தாச்சு, ஜாதகம் பொருந்தியாச்சு. படந்தானுங்க பாக்கி."

"ஃபோன்ல அத்தன படம் அனுப்புனமேங்க?" என்றாள் அம்மா மாசாணியம்மாள்.

"மாப்பிள்ளையோட அம்மா, சென்னியம்மா, ஃபோன் படத்தத் திரும்பியே பாக்க மாட்டேங்கறாங்க. போன தடவ பாத்த பொண்ணுக்குப் படத்துல ஒரு மூக்கு, நேர்ல ஒரு மூக்காம். அதனால ஃபிலிம்ல எடுத்து, நெகட்டிவோட அனுப்பச் சொல்றாங்க. நெகட்டிவ் பொய் சொல்லாதாமுங்க."

அப்பா வெள்ளியங்கிரி தொடையில் தட்டினார். "அட, இதுக்கு ஊரெல்லாம் தேடோணுங்களா? என்ற புள்ளயே ஃபிலிம்ல..."

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"...எடுக்கறவங்க யாரையாச்சும் புடிச்சரலாம்ங்கறேன்," என்று முடித்தார் அப்பா.

தரகரின் வண்டி வாசல் தாண்டியதும் அம்மா சொன்னாள். "பொண்ணு படத்தப் பொண்ணே எடுத்தான்னு தெரிஞ்சா அடங்காத புள்ளைன்னு நெனப்பாங்க. எடுத்தது யாருன்னு ஒருத்தருகிட்டயும் மூச்சு விடக்கூடாது, ஆமா."

லோகப்பிரியாவுக்கு முப்பது வயது. கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போடுகிறாள். அங்கே ஒரு கோடு தப்பினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். நாள் முழுக்க அழித்து அழித்துத்தான் வேலை. அதனால்தானோ என்னவோ, அழிக்க முடியாத ஒன்றின் மேல் அவளுக்கு ஆசை வந்தது. பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வாங்கினாள். ரோல் விலை ஏறிக்கொண்டே போனது. கோவையில் கழுவித் தர ஆளில்லை. பெங்களூருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் சிரித்தார்கள். வீட்டில் அதைக்கூடச் செய்யவில்லை, கண்டுகொள்ளவே இல்லை. அவளோ ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்குப் போய், மூட்டை தூக்குகிறவர்களைப் படம் எடுத்தாள். கோவையில் ஒரு சின்ன ஓவியக்கூடம் அந்தப் படங்களைச் சுவரில் மாட்டச் சம்மதித்திருந்தது. அதற்கான கடைசி ரோல்தான் இப்போது கேமராவுக்குள் இருந்தது. உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு ஒரு பெண் நிமிர்ந்து பார்த்த பார்வை அதில் இருந்தது. அது சரியாக விழுந்ததா என்று கழுவினால்தான் தெரியும். அந்தத் தெரியாமையைச் சுமந்துகொண்டு நடப்பதே அவளுக்கு ஒரு சுகமாக இருந்தது.

மாப்பிள்ளை கிருபாசங்கர் மேல் அவளுக்கு ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆனால் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு அவளுடைய கேமரா தேவைப்பட்டது. அந்தப் பெருமைதான் அவளைச் சம்மதிக்க வைத்தது.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து, கேமராவை அப்பாவிடம் கொடுத்தாள்.

அவர் அதைக் கை நீட்டி, முகத்துக்கு எதிரே தூரமாகப் பிடித்தார். "எங்க கண்ணு, நீயே தெரிய மாட்டேங்கறே?"

"கண்ணுகிட்ட வெச்சுப் பாக்கோணுங்கப்பா."

அவர் அழுத்தினார். உடனே கேமராவைத் திருப்பி முதுகைப் பார்த்தார். தடவியும் பார்த்தார். "ஒண்ணும் வரலியே?"

"இப்ப வராதுங்கப்பா. ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா? வெண்டையே காய்ச்சுருமே!"

வெளியே வந்த அம்மா கேட்டாள். "கலர்தானே?"

"இல்லீங்கம்மா. கருப்பு வெள்ளை."

"கருப்பு வெள்ளையா? செத்தவங்க படமாட்ட இருக்குமே! மாலையும் போட்டு அனுப்பிரலாமா? மாத்து அதை."

கலர் ரோல் ஒன்று இருந்தது, குளிர்சாதனப் பெட்டியில், தோசை மாவுக்குப் பின்னால். அம்மா அதைக் கண் மருந்து என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தாள். இந்த ரோலை உள்ளே சுற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று யோசித்தபடியே லோகப்பிரியா அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அப்பா கேமராவின் முதுகைத் திறந்து வைத்திருந்தார். நல்ல வெயில். பழுப்பு நிற ஃபிலிம் வெளியே பளபளத்தது.

"நீ வர்றதுக்குள்ள பழசக் கழட்டி வெச்சரலாம்னு பாத்தேன் கண்ணு. பேட்டரி ரொம்ப நீளமா இருக்குதே?"

அவள் பாய்ந்து மூடினாள். மூடிய பிறகும் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஓடிப்போனதை இனிமேல் அடைத்து வைக்க முடியும் என்பதுபோல.

"ஏங் கண்ணு, தப்பாப் போச்சா?"

"வெளிச்சம் பட்டா அழிஞ்சு போயிருங்கப்பா."

"படம் எடுக்கறதுக்கு வெளிச்சம் வேணுங்கறே, எடுத்ததுக்கப்புறம் வெளிச்சமே ஆகாதுங்கறே," என்றார் அவர், உண்மையான குழப்பத்துடன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாமே போச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியலீங்கப்பா." அது உண்மை. சுருளுக்கு உள்ளே இருந்தவை பிழைத்திருக்கலாம். அந்தப் பெண்ணின் பார்வை உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. இந்தத் தெரியாமையில் சுகமே இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

ரோலைச் சுற்றி எடுத்துவிட்டு, கலர் ரோலைப் போட்டாள். இனி யாரையும் தொடவிடுவதில்லை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தானாகப் படமெடுக்கும் டைமரைத் திருகிவிட்டு, ஓடிப்போய் வாழை மரங்களுக்கு முன்னால் நின்றாள். கேமரா 'கிர்ர்' என்று ஓடியது. டப் என்று விழுவதற்குச் சற்று முன்பு அம்மா உள்ளே புகுந்து முந்தானையை இழுத்துவிட்டாள்.

"அம்மா, தள்ளுங்க!"

"மடிப்பு சரியில்லாமப் போனா, வளக்கத் தெரியாம வளத்தாங்கன்னு என்னையத்தான சொல்லுவாங்க?"

அடுத்ததில் ஆரம் தெரியவில்லை என்று அம்மா மறுபடி வந்தாள்; அதன் பிறகு ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் வந்தாள். நாலைந்து படமே மிஞ்சியிருந்தபோது கயிற்றை அறுத்துக்கொண்டு கன்றுக்குட்டி வந்தது. அதை விரட்ட, மேல்துண்டு நழுவியபடி அப்பா குறுக்கே ஓடினார். "இதெல்லாம் டிலீட் பண்ணிரு," என்று ஓடிக்கொண்டே சொன்னார்.

"பண்ண முடியாதுங்கப்பா."

"அப்பறம் எதுக்குத்தான் இந்தக் கேமரா?"

ரோல் முடிகிற நேரத்தில் அம்மா அலுத்துப்போய் உலை வைக்க உள்ளே போனாள். அப்பா மோட்டார் போடப் போனார். கடைசிப் படம். லோகப்பிரியா டைமரைத் திருகிவிட்டு, இந்தத் தடவை ஓடாமல் நடந்தே போனாள். முந்தானையால் பவுடரைத் துடைத்தாள். மண்டியில் யாரும் தனக்காகச் சிரித்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். மூட்டையை இறக்கிவிட்டு, 'என்ன வேணும் உனக்கு?' என்று நேராகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இத்தனை நாள் அந்தப் பக்கம் நின்று வாங்கிய பார்வையை இந்தப் பக்கம் நின்று ஒருமுறை கொடுத்தாள். டப்.

இரண்டு ரோலும் பெங்களூருக்குப் போயின.

கோபியிலிருந்து கேள்வி வரத் தொடங்கியது. தினமும் தரகர் கூப்பிட்டார்.

"படம் என்னாச்சுங்க?"

"கழுவறாங்களாமுங்க," என்றார் அப்பா.

"எத்தன நாளைக்குங்க கழுவுவாங்க? எருமையக் கழுவுனாக்கூட இந்நேரம் காஞ்சு பாலும் கறந்திருக்கலாம்."

நாலைந்து நாள் போனதும் தரகருக்கே பொறுக்கவில்லை. ஃபோன் படத்தையே ஃபிலிம் படம்போல் மாற்றிக் காட்டும் ஆப் ஒன்று தன்னிடம் இருக்கிறது என்றார். அம்மா, லோகப்பிரியாவுக்குத் தெரியாமல் ஒரு படத்தைக் கொடுத்தாள். தரகர் அதைப் புள்ளி புள்ளியாக்கி, பழுப்பேற்றி அனுப்பினார். "நெகட்டிவ் எங்க?" என்று கேட்டார் சென்னியம்மாள். தரகர் அசரவில்லை. அதே ஆப்பில் நிறங்களைத் தலைகீழாக்கி அதையும் அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் சென்னியம்மாளே நேராக அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நெகட்டிவ்னா சன்னலுக்கு நேராப் புடிச்சுப் பாக்கோணும். நானும் புடிச்சுப் பாத்தேன். ஃபோனோட முதுகுதான் தெரியுது. எங்களப் பாத்தா எப்புடீங்க தெரியுது?"

அம்மா ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெண்ணுக்கு ஏதோ குறை, மறைக்கிறார்கள் என்ற பேச்சு கோபியிலிருந்து புறப்பட்டு, அன்னூர் பேருந்து நிலையத்துப் பூக்கடைவரை வந்து சேர்ந்தது.

கூரியர் வந்த நாளில் மூவரும் கூடத்தில் தரையிலேயே உட்கார்ந்து பிரித்தார்கள். லோகப்பிரியா முதலில் எடுத்தது மண்டி ரோலின் அச்சுப் படங்களை. பாதிக்கு மேல் உருவமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. அவள் நிதானமாகத் தள்ளிக்கொண்டே போனாள். அந்தப் பெண் இருந்தாள். மூட்டை இறக்கிய தோள், நெற்றியில் ஒட்டிய சாக்கு நார், அந்தப் பார்வை. எல்லாம் இருந்தது.

"யாரு கண்ணு இது?" என்றார் அப்பா.

"மண்டியில மூட்டை தூக்கறவங்கப்பா."

"மகாராணியாட்ட இருக்கறாங்களே." அவர் அதைக் கையில் வாங்கி, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். "இதத்தான் நான் அழிக்கப் பாத்தனா?"

அம்மா மற்ற உறையைப் பிரித்திருந்தாள். கடைசிப் படத்தில் அவள் கை நின்றது. அதைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சிரிக்கவே இல்லியே அம்மணி நீ," என்றாள் கடைசியில். ஆனால் படத்தைக் கீழே வைக்கவில்லை.

லோகப்பிரியா தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். வாழை இலைகளுக்கு முன்னால் யாரோ ஒருத்தி நின்றாள். யாருக்கும் தன்னைக் காட்டுவதற்காக நிற்கவில்லை. மண்டியில் இவளைக் கண்டிருந்தால் நான் கட்டாயம் படம் எடுத்திருப்பேன் என்று தோன்றியது. வரன் பார்க்க எடுத்த படத்துக்கு இவ்வளவு கர்வப்படலாமா? படலாம் என்றே முடிவு செய்தாள்.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. நெகட்டிவ் ஆறு ஆறு படமாகத் துண்டு போட்டு வந்திருந்தது. கடைசிப் படத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் சந்தேகப்படுவார்கள். முழுத் துண்டையும் கொடுத்தால் முந்தானை இழுக்கும் அம்மாவும், கன்றுக்குட்டியும், துண்டில்லாமல் ஓடும் அப்பாவும் சேர்ந்தே கோபிக்குப் போவார்கள்.

"போகட்டும்," என்றாள் அம்மா விரக்தியுடன். "ஒளிக்கறோம்னு சொன்னாங்கல்ல? ஒண்ணையும் ஒளிக்கலைன்னு பாத்துக்கட்டும்."

தரகர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். "மாப்பிள்ளை நெகட்டிவத் தூக்கி வெளிச்சத்துல பாத்துப்போட்டு, 'ஏனுங்க, பொண்ணுக்கு முடி பூரா நரச்சிருக்குதே?'ன்னு கேட்டாருங்க. அவங்கம்மா மண்டையில ஒரு கொட்டு வெச்சாங்க."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லலீங்க. படத்தையே பாத்துட்டு இருந்தாங்க. நான் கிளம்பறேன்னதுகூடக் காதுல உழுகல."

வாரக் கடைசியில் லோகப்பிரியாவின் ஃபோன் அடித்தது. "அம்மணி, நான் புவனாங்க. கிருபாசங்கரோட தங்கச்சி, கோபியிலிருந்து." அம்மா ஓடிவந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். அப்பா தொலைக்காட்சியை அணைத்தார்.

"சொல்லுங்க."

"உங்க படத்த எங்க ஊட்டுக் கூடத்துலயே வெச்சிருக்கறோமுங்க. வர்ற ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க. எங்கம்மாவுக்குக் கண்ண எடுக்கவே முடியல. இப்புடி ஒரு படம் எங்க வம்சத்துலயே இல்லைங்கறாங்க."

அம்மா அன்னூர்க் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கல்யாணத் தேதியும் வெச்சாச்சுங்க. வர்ற ஆவணியிலே."

"நம்மளக் கேக்காமயேவா!" என்று அப்பா ஆனந்தத்தில் முணுமுணுத்தார்.

"அண்ணனுக்குப் பாத்த பொண்ணு அவிநாசிங்க. நேத்துத்தான் உறுதி பண்ணுனோம். பொண்ணு அமைஞ்சிருச்சு, படம் எடுக்கத்தான் ஆளு அமையல. உங்கள எடுத்தவங்க நம்பரக் கொஞ்சம் குடுங்க அம்மணி. அவங்க வந்தாத்தான் கல்யாணமேன்னு எங்கம்மா ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவின் முகம் சிவந்தது, சுருங்கியது, பிறகு மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆனது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றவள், இப்போது மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, "நீதான்னு சொல்லு! நாந்தான் எடுத்தேன்னு சொல்லு!" என்று சத்தமில்லாமல் வாயசைத்தாள்.

லோகப்பிரியா அம்மாவின் கையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க கல்யாணத்துக்கெல்லாம் எடுக்கறதில்லீங்க," என்றாள்.

"ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன் அம்மணி."

"கேட்டுட்டேனுங்க," என்றாள் லோகப்பிரியா. "மாட்டாங்களாம்."