மெல்லப் போனால் கெட்டுப்போகும் மருந்து

கோவையிலிருந்து தாராபுரம் வரை ஓடும் பஸ்களில், எங்கள் ‘கடைசி சீட்டு’ சார் ஏறிக் குலுங்காத பஸ் ஒன்றுகூடக் கிடையாது. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயரும் அதற்கு முன்னால் ஒரு டாக்டர் பட்டமும் அவருக்கு உண்டு. எங்கள் கம்பெனியில் இரண்டையும் யாரும் சீந்தவில்லை.

சூலூர்ப் பக்கம் சின்ன மருந்துக் கம்பெனி எங்களுடையது. நான் சரக்கு அனுப்பும் பிரிவு. அவர் ஆராய்ச்சிப் பிரிவு. அதாவது, அந்தப் பிரிவே அவர்தான். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால்புண்ணுக்கு ஒரு நானோ களிம்பு செய்திருந்தார். தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதிலுள்ள மருந்துத் துகள். அத்தனை பொடிசாக இருந்தால்தான் புண்ணின் ஆழம்வரை போகுமாம். ஆய்வகத்தில் பாராட்டெல்லாம் வாங்கியாகிவிட்டது. இனி கடைக்கு வர வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

சோதனைக்காகத் தாராபுரம் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு முதல் பெட்டியை அனுப்பினேன். மறுநாளே அங்கிருந்து டாக்டரம்மா போன் செய்தார். “ஏனுங்க, களிம்பு மணலாட்ட நெருடுதுங்களே?”

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துவிட்டன. ஆய்வகத்தில் வைத்திருந்த டியூபோ வெண்ணெயாக இருந்தது. முதலாளி நொந்துபோனார். “அடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பற பெட்டியும் திரிஞ்சுதுன்னா இதை மூடிப்போடலாமுங்க. பழையபடி இருமல் மருந்தே ஊத்திக்கலாம்” என்று முடித்துவிட்டார்.

கடைசி சீட்டுக்கு ரோட்டின் மேல் சந்தேகம். ஆட்டிப் பார்க்கத்தான் ஆய்வகத்தில் மெஷின் இருக்கிறதே என்றேன்.

“மெஷின் மரியாதையா ஆட்டுதுங்க அம்மணி. நம்ம ரோடு அப்படியா ஆட்டுது?”

அன்று ஆரம்பித்தது பஸ் யாத்திரை. துகள்கள் ஒட்டாமலிருக்க அவற்றின் மேல்பூச்சை மாற்றுவார். டியூப்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு உச்சி வெயிலில் பஸ் ஏறுவார். அனுப்பும் பிரிவில் இருந்த பாவத்துக்கு நானும் கூடப் போக வேண்டும்.

“சார், முன்னால காலியா இருக்குதுங்க, வாங்க” என்பார் கண்டக்டர்.

“வேண்டாமுங்க. இங்கதான் நல்லாத் தூக்கிப் போடுது.”

கண்டக்டர் என்னைப் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

திரும்பி வந்து டியூபைப் பிதுக்கினால் மணல். மறுபடி மேல்பூச்சு, மறுபடி பஸ், மறுபடி மணல். எனக்கு அழுகை வரும். அவர் முகம் சுண்டி நான் பார்த்ததில்லை. “எதுக்குத் திரியுதுன்னு கண்டுபுடிச்சுப்போடலாமுங்க” என்று ஆய்வகக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ஒருநாள் களிம்பு வெண்ணெயாகவே திரும்பி வந்தது. நான் கைதட்டிவிட்டேன். அவர் யோசனையில் இருந்தார். “பஸ்ஸு இன்னைக்குக் குலுங்கவே இல்லீங்களே அம்மணி?”

மறுநாள் அதே களிம்பு, அதே பஸ். வேகத்தடைகளில் பூப்போல ஏறி இறங்கியது. பல்லடம் தாண்டியதும் இவர் எழுந்து டிரைவரிடம் ஓடினார்.

“ஏனுங்க, இப்படி உருட்டறீங்க?”

“மருந்து கொண்டு போறீங்கன்னு கண்டக்டரு சொன்னாருங்க. ஒடஞ்சுபோச்சுன்னா பாவமில்லீங்களா? அதான் பதனமாப் போறேன்.”

“அய்யோ சாமி! நீங்க பதனமாப் போனா என்ற மருந்து கெட்டுப்போகுமுங்க! குலுக்குனாத்தானே தாங்குதான்னு தெரியும்? எப்பவும் போறாப்புலயே பறங்க!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் ஓட்டிய ஓட்டத்தில் என் டிபன் பாக்ஸ் மூடி டிரைவர் சீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. தாராபுரத்தில் இறங்கியதும் நின்ற இடத்திலேயே ஒரு டியூபைப் பிதுக்கி விரலில் தேய்த்தார். நெருடவில்லை. இன்னொன்றும் நெருடவில்லை. ஆய்வகத்து மெஷின்களும் பிறகு அதையே சொல்லின.

அப்புறம் ஆஸ்பத்திரிச் சோதனைகள், அனுமதிகள் என்று வருஷங்கள் ஓடின. அவருக்கு முதுகுவலி நிரந்தரமாயிற்று. “துகள் நகரலீங்க, என்ற எலும்புதான் நகந்துபோச்சு” என்பார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

களிம்பு விற்பனைக்கு வந்த வாரம், தாராபுரத்து மருந்துக்கடை ஒன்றில் இருவரும் நின்றிருந்தோம். காலில் கட்டுப் போட்ட தறிக்காரர் ஒருவர் எங்கள் டியூபை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற இவரிடமே கேட்டார்: “ஏனுங்க, இது புண்ணுக்குக் கேக்குமுங்களா?”

நானோ என்றால் மணிக்கணக்கில் பேசுகிறவர், கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பையைத் துழாவினார்.

நான்தான் “நல்லாக் கேக்குமுங்க” என்றேன். அவர் கண்ணைத் துடைத்து முடிக்கட்டும் என்று, யாரும் பார்க்காதபடி அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.