கைக்குக் கிட்ட இருந்த எஸ்.எஸ்.டி.

பொருள் வாங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்க முடியாதவர்களையும் தெரியும். கையில் காசும் கண்ணெதிரே கடையும் இருந்தும், விசாரித்து முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் வாங்காமலே இருக்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. விசாரணைத் திலகம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். பெங்களூர்த் தண்ணீருக்கு இது செழித்து வளரும்.

ஆஸ்டின் டவுன் மாடி வீட்டுக் கவியரசனைப் பாருங்கள். திருப்பத்தூர்க்காரன், வைட்ஃபீல்டில் மென்பொருள் சோதிக்கும் வேலை. வீட்டு லேப்டாப்புக்கு வயது ஏழு. பட்டனை அழுத்திவிட்டு அவன் மனைவி இளவேனில் குக்கர் வைத்தால், மூன்றாவது விசிலுக்குத்தான் திரை வெளுக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

கவியரசனுக்கு அது பதினெட்டு மாத வேலை. மெட்ரோவில் நின்றபடி ஒரு ரிவ்யூ, மதியம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு ரிவ்யூ, ஜெர்மன்காரர் ஒருவர் ஜெர்மனிலேயே பேசிய நாற்பது நிமிட வீடியோவை அவருடைய புருவ அசைவை வைத்தே புரிந்துகொண்ட ஒரு ஞாயிறு, இவற்றையெல்லாம் வடிகட்டி முப்பத்தொரு பத்திகளில் போட்ட எக்செல் அட்டவணை. வாங்கினானா? அவசரப்படாதீர்கள். அவனும் படவில்லை.

கீழ்வீட்டு டோரீன் ஆன்ட்டி கேக் ஆர்டர் எடுப்பவர். தன் லேப்டாப்புக்கு எது நல்லது என்று ஒருநாள் படிக்கட்டில் அவனிடம் கேட்டார். அன்று மாலையே வாங்கி மாட்டிவிட்டார்.

"இன்னொரு ரிவ்யூ பார்க்கலையா ஆன்ட்டி?"

"நீ சொன்னியே மேன். போதாதா?"

அவனுக்கு ஆன்ட்டியை நினைத்துப் பாவமாக இருந்தது.

இந்த நிலையில் இளவேனிலுக்கு ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று வருடம் வீட்டில் இருந்தபின் வந்த முதல் அழைப்பு. புதன்கிழமை பத்து மணிக்கு ஆன்லைனில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். போனில் செய்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கவியரசனின் ஆபீஸ் லேப்டாப்பில் வெளிக் காரியத்துக்கு அனுமதியில்லை.

"அதுக்குள்ள மாத்திடுவியா?"

"ஞாயித்துக்கிழமையே எஸ்.பி. ரோடு போறேன். முடிச்சிடுறேன், இளா."

போனான். கம்ப்யூட்டர் சாமான் கடை முகேஷுக்கு அது அவனுடைய ஒன்பதாவது விஜயம். முதல் முறையாக அவன் கொண்டுவந்திருந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்த முகேஷ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க கேக்குற ஐட்டம் இதுல உக்காரவே உக்காராது. பழைய மெஷின். அந்த ஸ்லாட்டே இல்ல. இதுக்கு வேற டைப்பு. ரெண்டு கம்பெனி வச்சிருக்கேன், ரெண்டும் ஒண்ணுதான். குந்துங்க, போட்டுத் தர்றேன்."

பதினெட்டு மாதம்! கவியரசனுக்கு ஒரு கணம் அந்த முப்பத்தொரு பத்திகளும் கண்ணில் ஓடின. மறுகணம் உள்ளுக்குள் ஓர் ஆனந்தம் ஊறியது. வேறு டைப்பு! ஒரு ரிவ்யூகூடப் பார்க்காத டைப்பு!

"பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"பேஜார் பண்றீங்க சார்" என்றார் முகேஷ்.

புதன் காலை ஒன்பதரைக்கே இளவேனில் பட்டனை அழுத்தினாள். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு, அப்டேட் நடக்கிறது, அணைத்துவிடாதீர்கள் என்று திரை கெஞ்சியது. நான்கு சதவீதம்.

"அந்த ரெண்டுல ஒண்ணு கொஞ்சம் சூடாகுதாம், அதான்..." என்று கவியரசன் ஆரம்பித்தான்.

அவள் இருந்து கேட்கவில்லை. செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

"வா மா, குந்து" என்று டோரீன் ஆன்ட்டி ஏப்ரனால் மைதாவைத் துடைத்து தன் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். நாற்காலியை இழுப்பதற்குள் அது விழித்துக்கொண்டது. பத்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

பின்னத்தை விளக்குங்கள் என்றார்கள் பள்ளிக்காரர்கள். பக்கத்தில் யாருடைய பிறந்தநாளுக்கோ தயாராகி நின்றது ஒரு கேக். இளவேனில் கத்தியை எடுத்தாள். பாதி, கால், அரைக்கால். டோரீன் ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டார். திரையில் மூன்று பேர் சிரித்தார்கள். பின்னாலேயே இறங்கி வந்த கவியரசன் வாசற்படியைத் தாண்டவில்லை.

வேலை கிடைத்தது. ஆன்ட்டி இன்னொரு கேக் செய்தார். சனிக்கிழமை இளவேனில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தானே எஸ்.பி. ரோட்டுக்கு ஆட்டோ ஏறினாள்.

"ரெண்டுல எது வேணும் மேடம்?" என்றார் முகேஷ்.

"உங்க கைக்குக் கிட்ட எது இருக்கோ, அது."

வீட்டுக்கு வந்து பட்டனை அழுத்தினாள். விரலை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. கவியரசன் அணைத்துவிட்டுத் தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தான்.

"ஸாரி, இளா" என்றான். மெய்யாகவே சொன்னான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எந்தக் கம்பெனி?"

"பார்க்கல."

பாவம், அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு மெத்தை நடுவில் குழி விழுந்து எத்தனை மாதமாகிறது? ஸ்ப்ரிங்கா, இலவம் பஞ்சா என்று இன்னும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? ஒன்றும் அவசரமில்லை, மெதுவாகவே பாருங்கள். அதுவரை ஆளுக்கொரு ஓரமாகப் படுத்துக்கொள்ளுங்கள்.