வாழ்த்துகளுக்கு ஒரு வழி

“அத்தை, இப்போ அழுத்துங்க!”

மேல்மாடியில் மாமியார் பொத்தானை அழுத்தினார். படிக்கட்டின் நடுவில் நின்றிருந்த மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டான். கீழே, வீட்டின் பின்பக்கம் இருந்த அச்சறையில், பிரின்டர் இருமக்கூட இல்லை.

“மாமா, ஏதாவது வருதா?”

“வருது, கொட்டாவி” என்றார் மாமனார்.

அவன் புவியியல் வாத்தியார். எந்த ஆறு எந்த மலையில் பிறந்து எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். மேல்மாடியில் பிறந்த ஒரு வாழ்த்து அட்டை கீழே போய் விழுவதற்குத்தான் அவனுக்கு வழி தெரியவில்லை.

முன்பெல்லாம் இந்தச் சிக்கலே கிடையாது. மாமியார் அட்டைகளை வரைவார், மாமனார் பிழை திருத்தி அச்சடிப்பார். இரண்டு பேரும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கப் பேசுவார்கள். போன மாதம் நடுவில் ஒரு ‘க்’ வந்து விழுந்தது. மாமியார் ‘வாழ்த்துக்கள்’ என்று போட்டிருந்தார். ‘வாழ்த்துகள்’தான் சரி என்றார் மாமனார். அதோடு விட்டிருக்கலாம். வாடிக்கையாளரை வைத்துக்கொண்டே, “க் போட்டா அது வாழ்த்து இல்லம்மா, கள்ளு. உன் அட்டையைப் பிரிச்சா போதைதான் ஏறும்” என்று சொல்லிச் சிரித்துவிட்டார்.

மாமியார் சிரிக்கவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். தன் பெயரில் தனியாக இணைய இணைப்பும் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மேலே ஒரு ரவுட்டர், கீழே ஒரு ரவுட்டர். மேலே ஒரு மௌனம், கீழே ஒரு மௌனம்.

பிரின்டரை மட்டும் யாராலும் தூக்க முடியவில்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாப்பிள்ளைதான் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலும் கீழும் ஓடினான். கூடவே பேச்சையும் சுமந்தான். இன்று விடுமுறை. இந்தத் தபால்காரன் வேலைக்கு ஒரு முடிவு கட்டுவது என்று காலையிலேயே உட்கார்ந்து, மாமியாரின் கணினிக்குள் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகினான். ஒரு வயர் மேல் ரவுட்டருக்கு. இன்னொரு வயர் சன்னல் வழியாக இறங்கிக் கீழ் ரவுட்டருக்கு, அங்கிருந்து அச்சறைக்கு. கணினிக்கு ஒரு கால் மாடியில், ஒரு கால் தரையில். அப்படி நின்றுகொண்டு யாராலும் நேராக நடக்க முடியாது என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

“மாப்பிள்ளை” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “ஆஸ்பத்திரியில ரிட்டையர் ஆகிற நர்ஸம்மாவுக்கு அட்டை. சாயங்காலம் ஆள் வந்து நிப்பாங்க. இன்னிக்கு இது அச்சாகலைன்னா நான் கணினியோட என் தங்கச்சி வீட்டுக்கே போயிடறேன். அவர்கிட்ட அப்படியே போய்ச் சொல்லுங்க.”

அம்மா அப்பாவை இழந்தவன் மாப்பிள்ளை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான், சாப்பாட்டு மேசையில் சண்டை போட்டுக்கொண்டே ஒருவர் தட்டில் ஒருவர் பரிமாறும் அழகைப் பார்த்தான். அந்த மேசை இரண்டாக உடைவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே படியிறங்கும்போதே சொல்லில் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்தான்.

“மாமா, அத்தை அவங்க தங்கச்சி வீடு வரைக்கும் போகலாமான்னு யோசிக்கிறாங்க.”

“அப்படியா? போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமே. பாவம், எங்கேயும் போறதில்ல.”

அவன் அதையும் பத்திரமாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்தான். “அத்தை, மாமா சந்தோஷமாப் போயிட்டு வரச் சொன்னார்.”

மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

மாப்பிள்ளை வியர்த்துப்போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான்.

முதல் கோளாறு சீக்கிரமே பிடிபட்டது. இரண்டு ரவுட்டர்களும் ஒரே எண் வரிசையை வைத்திருந்தன. “இது எப்படின்னா அத்தை, மேலேயும் கீழேயும் ரெண்டு தெரு. ரெண்டுக்கும் ஒரே பேர். தபால்காரன் எந்தத் தெருவுக்குப் போவான்?” என்று வகுப்பெடுத்துக்கொண்டே கீழே ஓடி, கீழ் ரவுட்டரின் எண்ணை மாற்றினான். மாமனாரின் மடிக்கணினியில் பாடிக்கொண்டிருந்த பழைய பாட்டு பாதியில் நின்றது.

“மாப்பிள்ளை, பாட்டுமா உங்க அத்தைகூடக் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு?”

“ஒரு நிமிஷம் மாமா, இதோ.”

பாட்டு வந்தது. மேலே போனால் இணையம் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டிய நர்ஸம்மாவின் படம் வழியில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கோளாறு அது. வெளியே போவதற்கு இரண்டு கார்டுகளுக்கும் ஒவ்வொரு வாசல் எழுதியிருந்தான். “வீட்டுக்குத் தலைவாசல் ஒண்ணுதான் இருக்கணும் அத்தை. ரெண்டும் தலைவாசல்னா, எதுல போறதுன்னு தெரியாம அது முற்றத்துலயே முழிக்கும்” என்று சொல்லிக் கீழ்ப்பக்க வாசலை அழித்தான். இணையம் வந்தது. நர்ஸம்மாவும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். ஆனால் அச்சுக்கு அனுப்பிய அட்டை மேல் வாசல் வழியாக வெளியேறி, உலகம் முழுக்க மாமனாரின் பிரின்டரைத் தேடப் போய்விட்டது. ஆளில்லாத கடலில் தனியாகப் போகும் ஒரு காகிதக் கப்பலைப்போல அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன மாப்பிள்ளை, தூக்கமா?”

“இல்லத்தை. இப்போ அதுக்கு ஒரே ஒரு வரி எழுதினாப் போதும். ‘அச்சறைக்குப் போகணும்னா மட்டும் கீழ் ரவுட்டர் வழியாப் போ’ன்னு. பாருங்க, இந்த வரிதான்.”

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். “இந்த வரி இல்லேன்னா போகவே போகாதா?”

“போகாது.”

“ஒரு எழுத்து குறைஞ்சாக்கூட?”

“ஒரு புள்ளி குறைஞ்சாக்கூட!” அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூட இப்படிக் கேள்வி கேட்டதில்லை.

வரியை எழுதி முடித்ததும் கீழே பிரின்டர் உறுமியது. அவன் துள்ளிக் குதித்துப் படியில் இறங்கினான். அச்சறையில் அட்டைகள் அருவிபோலக் கொட்டிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து “அழுத்துங்க, அழுத்துங்க” என்று அவன் சொன்னபோதெல்லாம் மாமியார் அழுத்தியவை அத்தனையும் வரிசையில் காத்திருந்திருக்கின்றன. சோதனைக்கென்று அவர் அனுப்பியது பழைய அட்டை. ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ‘வாழ்த்துக்கள்.’

மாமனார் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினார்.

“மாமா, வேண்டாம்!”

“அவ அனுப்பியிருக்கா. பார்த்து அனுப்பறதுதானே மரியாதை” என்று ‘க்’கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு நீட்டினார். “கொண்டு போய்க் குடுங்க.”

அவன் அதை மடித்துத் தன் பையில் ஒளித்துக்கொண்டு மேலே போய், “மாமா அட்டை பிரமாதம்னு சொன்னார்” என்றான்.

“அவரா சொன்னார்?”

“அவரேதான்.”

“எங்கே, அவர் வாயால வந்து சொல்லச் சொல்லுங்க” என்ற மாமியாரின் குரல் ஒரு கணம் இளகியதுபோல இருந்தது. இந்த நேரத்தில் மாமனாரை மேலே வரவிட்டால் வட்டம் போட்ட கதை வெளியே வந்துவிடும் என்று மாப்பிள்ளை நடுங்கினான். “அவருக்கு முட்டி வலி அத்தை. நான் சொல்லிடறேன், விடுங்க.”

நர்ஸம்மாவின் அட்டை தயாரானது. மாமியார் அழுத்தினார். கீழே சத்தமில்லை. பார்த்தால், எழுதிய வரியைக் காணவே காணோம்.

“நிரந்தரமா எழுத மறந்துட்டேன்போல. நடுவுல கணினியை அணைச்சீங்களா அத்தை?”

“ஆமா” என்றார் மாமியார் சன்னலைப் பார்த்துக்கொண்டு. “கொஞ்சம் சூடாயிருந்தது.”

இந்த முறை அணைத்தாலும் அழியாதபடி எழுதினான். அப்போதும் போகவில்லை. கீழே ஓடினான். கீழ் ரவுட்டரிலிருந்து வயர் கழன்று தொங்கியது.

“எலியா இருக்கும்” என்றார் மாமனார். “ஆமா, எந்த வயர் மாப்பிள்ளை அது? இந்த மஞ்சளா?”

“மஞ்சள்தான் மாமா. அதை மட்டும் யாரும் தொடக் கூடாது.”

“மஞ்சள்” என்று மாமனார் மனப்பாடம் செய்வதுபோலத் தலையாட்டினார்.

வயரைச் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு மேலே வந்தால் வரி மறுபடி இல்லை. எழுதிவிட்டுக் கீழே வந்தால் டேப்போடு வயர் தரையில் கிடந்தது. செருகிவிட்டு மேலே போனால் வரி இருந்தது, நடுவில் ஒரு எண்தான் மாறியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தன் கண்மீதும் அறிவுமீதும் சந்தேகம் வந்தது. படித்த கதைகளில் வரும் சபிக்கப்பட்ட மாளிகைகள் நினைவுக்கு வந்தன. இந்த வீட்டில் ஒரு பேய் இருக்கிறது, அதற்கு நெட்வொர்க் தெரியும் என்று அவன் கிட்டத்தட்ட முடிவுக்கே வந்துவிட்டான்.

கட்டில்மேல் பெட்டி திறந்திருந்தது. உள்ளே இரண்டு புடவைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“அத்தை, வயரும் வேண்டாம் வரியும் வேண்டாம். பென் டிரைவைக் குடுங்க, நானே கொண்டு போறேன்.”

மாமியார் திடுக்கிட்டார். “அது… காணோமே.”

“காலையில மேசைமேலதான் இருந்தது!”

“இருந்தது. இப்போ இல்ல. நீங்க எதுக்கு எப்பப் பாரு ஓடிக்கிட்டே இருக்கீங்க? கொஞ்சம் படுங்களேன்.”

கீழே போய் வேறு பென் டிரைவ் கேட்டான். மாமனார் இரண்டு கையையும் ஆட்டினார். “ஐயையோ, அதுல வைரஸ் வரும். நீங்க போய் ஒரு தூக்கம் போடுங்க மாப்பிள்ளை. முகமே வாடிப்போச்சு.”

தான் நம்பிக்கை இழந்தது அவர்களுக்கே தெரிந்துவிட்டது என்று அவன் நொந்துபோனான். அந்த நோவிலேயே ஒரு வைராக்கியமும் பிறந்தது. மேலே போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு வரியைப் புதிதாக எழுதினான். கீழே வந்து மஞ்சள் வயரைச் செருகி, மேசைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினான். கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்த அவன் மனைவி கைப்பையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

“நீயா? என்ன இவ்வளவு சீக்கிரம்?”

“பெர்மிஷன் போட்டுட்டு வந்தேன். செருப்பை மாட்டுங்க, வெளியே போலாம்.”

“என்ன விளையாடறியா? உங்கம்மா பெட்டி கட்டிட்டாங்க! நான் நகர்ந்தா இந்த வீடே ரெண்டாயிடும்!”

அச்சறையில் பிரின்டர் உறுமியது. திறந்திருந்த அச்சறைக் கதவு வழியே, முதல் அட்டையின் முனை வெளியே எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அவன் முகம் மலர்வதற்குள் பிரின்டர் நின்றது. அட்டை பாதியிலேயே நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. அவன் பாய்ந்தான். மனைவி பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுடி! இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்!”

அவள் விடவில்லை. காலரைப் பிடித்தபடியே அவனை வாசலுக்கு வெளியே இழுத்து, கதவை மெல்லச் சாத்தினாள். உள்ளே மாடிப்படியில் ஒருவர் இறங்கும் சத்தமும், அச்சறை நாற்காலி பின்னால் நகரும் சத்தமும் ஒரே நேரத்தில் கேட்டன.

“போதும் சாமி, வாங்க! வயரைப் பிடுங்கினாலும் செருகிடறார், வரியை அழிச்சாலும் எழுதிடறார், நாங்க எப்பத்தான் நேர்ல பார்த்துப் பேசி ராசியாகறது, உன் புருஷனைக் கொஞ்ச நேரம் எங்கேயாவது கூட்டிட்டுப் போயேன்னு அப்பாவும் அம்மாவும் தனித்தனியா எனக்கு ஃபோன் பண்ணி அழறாங்க.”