கேஸ் மூடியிருந்ததா, அக்கா?

அன்பும் மரியாதையும், இரண்டையும்விட ஒரு பிடி கூடுதலாகக் கோபமும் உள்ள தங்கை, தன் அக்காவுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். இடது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. அங்கே உன் நலம், உன் முழங்கால்களின் நலம், மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்ட பூனையின் நலம் எல்லாம் அறிய ஆவல்.

முதலில் ஒரே ஒரு கேள்வி. பதினோரு மாதத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் மூட்டை முடிச்சோடு கேட்டுக்கு வெளியே வந்து, இரண்டு பையையும் வண்டியில் ஏற்றி, நான் ஏறி உட்கார்ந்து, நீயும் ஒரு காலைத் தூக்கி வைத்த பிறகு, "கேஸை மூடினேனான்னு தெரியலடி, ஒரு நிமிஷம், பாத்துட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனாய். மூடியிருந்ததா?

வண்டிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தார். நான் வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது: "நீ முன்னால போடி, நான் அடுத்த பஸ்ல வரேன்." நம்பினேன். நம்பித்தான் உன் பையையும் சேர்த்துக் கொண்டுபோனேன். இத்தனை ஊரிலும் முதுகில் என் பை, நெஞ்சில் உன் பை. எதிரே வருகிறவர்களுக்கு ஒரு பை தானாக நடந்து வருகிற மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொரு ஊர் பஸ் நிலையத்திலும் அடுத்த பஸ் வரும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். யாரும் கேட்டால் "எங்க அக்கா வராங்க" என்பேன். நாலாவது மாதத்துக்குப் பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. "பஸ் பாக்க வந்தேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

இப்போது நான் இருப்பது உன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில். முப்பது வருஷமாக அடுப்பு மேடை ஓரத்தில் உட்கார்ந்து நீ எழுதிய நோட்டு. எந்த ஊரில் எந்தப் பஸ், எங்கே சும்மா படுக்கலாம், எங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கலாம் என்று எல்லாம் உன் கையெழுத்து. நான் ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் முப்பத்துமூன்று வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். எனக்கு மடிக்கத் தெரியும், திட்டம் போடத் தெரியுமா? கடைசிப் பக்கத்தில் இரண்டு தரம் அடிக்கோடு போட்டிருக்கிறாய்: "ஏரி. காலையில் அக்கரை தெரியாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். இதை உட்கார்ந்து பார்க்க வேண்டும்." எழுதினவள் நீ, உட்கார்ந்திருக்கிறவள் நான். இது எந்த ஊர் நியாயம்?

இங்கே எல்லாம் அரைத்தூக்கத்தில் நடக்கிறது. காலையில் ஏரி மேல் பனி. துடுப்புச் சத்தம் கேட்கிறது, படகு தெரிவதில்லை. மணியடிக்கிறது, சைக்கிள் தெரிவதில்லை. பதினோரு மாதம் ஊர் ஊராகப் படுத்து எழுந்ததில், கண் திறந்ததும் எந்த ஊர் என்று புரிய எனக்குக் கால் மணி நேரமாகிறது. அதுவரை நான் நம் வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். உன் இருமல் கேட்கக் காத்திருப்பேன். பிறகு பக்கத்துப் படுக்கையில் யாரோ குறட்டை விட, சரி, வேற ஊர்தான் என்று எழுந்துகொள்வேன்.

இனி நடந்த அநியாயத்தைக் கேள். வந்திறங்கிய அன்று, முந்தின நாள் ஏறிய பஸ், நடுவில் ஒரு வாழைப்பழம் தவிர எதுவும் இல்லை, செருப்பு ஒன்று வார் அறுந்து கயிற்றால் கட்டியிருக்கிறேன், விடுதி வாசலெல்லாம் ஈரம், ஈரத்தில் உன் பையை வைக்க மனசு வரவில்லை, சுவரோரமாக ஒரு நீளப் பலகைத் தட்டு காய்ந்து கிடந்தது, அதில் உன் பையை வைத்துவிட்டு எனக்குக் கொடுத்த அறையில் போய் விழுந்தவள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். வந்து பார்த்தால் பை மட்டும் தொளதொளவென்று கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. தட்டுக்கு மேலே ஒரு அறிவிப்பு, அதன் மேல் எவனோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தான். துண்டை விலக்கிப் படித்தேன்: "வேண்டாததை இங்கே வை. வேண்டியதை எடுத்துக்கொள்."

விடுதிக்காரம்மாவிடம் போய் நின்றேன். "என்னம்மா இது, எங்க அக்கா சாமான் எல்லாம் போச்சே!"

"எங்க போச்சு? இங்கதான் இருக்கும். ஊரு சின்னது, சுத்திப் பாருங்க" என்றாள் உருளைக்கிழங்கு உரித்தபடி.

சுற்றிப் பார்த்தேன். சாயங்காலப் பனி மறுபடி இறங்கியிருந்தது. உன் பச்சைக் குடை ஏரிக்கரையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கீழே ஆள் இருந்திருக்க வேண்டும், பனியில் தெரியவில்லை. உன் பிளாஸ்கில் ஒரு புதுமணத் தம்பதி மாறி மாறிக் குடித்தார்கள். அவர்களிடம் எப்படிப் பிடுங்குவது? உன் படிக்கிற கண்ணாடியை ஒரு ஓவியக்காரப் பெண் போட்டுக்கொண்டு படம் வரைகிறாள். "இது பவர் கண்ணாடிம்மா, கண்ணு கெட்டுடும்" என்றால், "ஐயோ, இதைப் போட்டாதான் எல்லாம் கலங்கி அழகா தெரியுது, விடுங்களேன்" என்கிறாள். நானும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் உன் காப்பிக்கலர் ஸ்வெட்டரைப் பார்த்தேன். முதுகுப்பக்கம். நான் வாங்கிக் கொடுத்து நீ "இந்தக் கலரை எவ போடுவா" என்று சொல்லி ஒருநாளும் கழற்றாத அதே ஸ்வெட்டர். பனிக்குள் மெல்ல நடந்து போகிறது, உன் மாதிரியே வலது காலைக் கொஞ்சம் இழுத்து. எனக்கு பஸ், மாதம், கோபம் எல்லாம் மறந்துபோயிற்று. அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டு கயிறு கட்டின செருப்போடு ஓடினேன். கடைக்காரர்கள் வெளியே வந்து பார்க்கிறார்கள். ஸ்வெட்டர் நின்றது. திரும்பியது. நெஞ்சு வரை தாடி.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, அக்கா. தாடிக்காரன் பயந்துவிட்டான். "ஏம்மா, நான் எதுவும் தப்பு பண்ணலியே?" என்கிறான். விஷயத்தைச் சொன்னதும் அந்தக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்ற ஆரம்பித்தான். உள்ளே போட்டிருந்த சட்டையில் துணியைவிட ஓட்டைதான் அதிகம். "போட்டுக்கப்பா, பரவால்ல" என்று சொல்லிவிட்டேன். பதினோரு மாதம் பைக்குள் மடிந்து கிடந்தது. அன்றைக்குத்தான் அது ஊர் பார்த்தது, அதையும் கெடுப்பானேன்? அன்றிலிருந்து விடுதியில் அவன் பெயர் 'அக்கா'. "அக்கா, உப்பு எடு", "அக்கா, தாடியைச் சீவு" என்று ஆளாளுக்கு. அவனும் ராகம் போட்டு "வந்துட்டேன்" என்கிறான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். "மேலயும் கீழயுமா போயே பாதி வயசு போச்சு, கொஞ்சம் பக்கவாட்டுல போவோம்னு கிளம்பிட்டேன்" என்றான். அவனும் என்னைப்போலக் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறவன்தான். விடுதியில் படுக்க இடத்துக்கு ஈடாக நான் விரிப்புகளை மடித்துத் தருகிறேன். பெரிய விரிப்பு மடிக்க எதிர்ப்பக்கம் ஒரு ஆள் வேண்டுமே. அவன்தான் நுனி பிடிக்கிறான். முற்றத்தில் விரிப்பை உதறும்போது நடுவில் வெள்ளையாக எழும்பி அவன் முகத்தை மறைக்கும். ஸ்வெட்டர் கை இரண்டும் மட்டும் தெரியும். அந்த ஒரு நொடிக்காக நான் மடித்ததையே பிரித்து இன்னொரு தரம் உதறுகிறேன். "இது மடிச்சாச்சேம்மா" என்பான். "சுருக்கம் இருக்கு, பிடி" என்பேன்.

போதும். எனக்கு அலுத்துவிட்டது. நீ வராதது எவ்வளவோ நல்லது. இந்தக் குளிர் உனக்கு ஆகாது, ரொட்டி கட்டை மாதிரி இருக்கிறது, வெந்நீர் கேட்டால் 'வரும்' என்கிறார்கள், வருவதில்லை. ஏரியும் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. தண்ணீர்தானே. கையில் மிச்சமிருந்ததை வழித்துப் போட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை உன் வாசலில் நிற்பேன். நீ செய்ததுதான் சரி, நானும் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். நோட்டைத் திருப்பித் தந்துவிடுகிறேன், பரணில் போடு. இனி இந்தப் பேச்சே வேண்டாம்.

பூனைக்கும் அதன் வம்சத்துக்கும் என் ஆசிகள். உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயசில்லை, வணக்கம் மட்டும்.

இப்படிக்கு,
ஒரு நிமிஷம் என்று நீ சொன்னதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற
தங்கை

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்கு முன் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். பத்து மணி தாண்டி, மெல்ல, முதலில் ஒரு மரம், அப்புறம் ஒரு வீட்டுக் கூரை, அக்கரை வந்தது. "அக்கா, பாரேன்" என்று பக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். ஆகையால் மேலே ஏரியைப் பற்றி எழுதினதெல்லாம் பச்சைப் பொய். வெள்ளிக்கிழமைச் சீட்டை லிஃப்ட் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டேன். அவன் ஊர் நம் ஊருக்கு அடுத்ததுதான். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த ஆளைக் கொஞ்சம் நிமிர்ந்து பார். ஸ்வெட்டர் தெரிகிறதா? அவனுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, உன் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு கிளம்பு. எல்லா ஊரிலும் நான் மேல்படுக்கையில் ஏறித்தான் முழங்கால் போயிற்று. நோட்டில் 'கீழ்ப்படுக்கை எனக்கு' என்று எழுதியிருக்கிறாயே. இங்கேயும் கீழே காலியாகத்தான் வைத்திருக்கிறேன். விடுதிக்காரம்மா மாதக் கடைசி வரை யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். பழைய ரேடியோப் பெட்டிக்குள் நீ ஒளித்து வைத்திருப்பது எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். அதையும் எடுத்து வா, இல்லாவிட்டால் நாம் இரண்டு பேரும் திரும்பி வர வழியில்லை. கேட்டைத் தாண்டி ஒரு காலை வண்டியில் வைத்ததும் உனக்கு அந்தச் சந்தேகம் வரும். வரட்டும். நீ மற்றக் காலையும் தூக்கி உள்ளே வைத்து உட்கார். லிஃப்ட்டில் ஆட்களை ஏற்றும் முன்னால் ஒவ்வொரு திருகையும் கையால் தொட்டுப் பார்த்தவன் அவன். உள்ளே போய், கேஸ் மூடியிருக்கிறதா என்று அக்கா பார்த்துவிட்டு வந்துவிடுவான்.