பெட்டிசம் அண்ணர் வைத்த இரண்டு கையெழுத்து

கொழும்பில் பெட்டிசம் அண்ணருடைய முறைப்பாட்டுக் கடிதம் போய்ச் சேராத அரசாங்கக் கந்தோர் ஒன்று இருந்ததென்றால், அது இன்னும் கட்டி முடியாத கந்தோராகத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு முந்திய வருசங்கள் அவை. வெள்ளவத்தையில் கிளாக்கர்மார் பன்னிரண்டு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் அவரும் நானும் ஒரே அறை. போதாக்குறைக்கு ஒரே கந்தோர். கடிதம் எழுதாத நேரத்தில் மனிதர் நித்திரை கொள்வார்; நித்திரையிலும் "யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்" என்று முனகுவார்.

ரயில் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து ஊதுகிறது என்று ஒரு பெட்டிசம். ஊதாமல் போன அன்று, ஊதாததால் எழும்பப் பிந்திவிட்டது என்று இன்னொன்று. சொதியில் தண்ணீர் கூடிப்போச்சு என்று, அடுப்படியில் நின்ற சமையல்காரனுக்கே பதிவுத் தபாலில் எழுதினார். "வாயாலை சொன்னா ரெக்கோர்ட் இராது ஐசே" என்பார்.

அத்தனை பெட்டிசத்திலும் பலித்தது ஒன்றே ஒன்று. அது பலிக்காமலே போயிருக்கலாம்.

ராசநாயகம் அந்தப் பன்னிரண்டு பேரில் இளையவன், எங்கள் கந்தோர்தான். மலாயாவில் பிறந்து வளர்ந்தவன். சண்டைக்காலத்தில், மலாயா யப்பான்காரன் கையில் இருந்தபோது, மலாய் பேசத் தெரிந்தவர்களைப் பட்டாளம் தேடுகிறதென்று கேள்விப்பட்டு, "அண்ணை, ஒரு அப்ளிகேசன் எழுதித் தாங்கோ" என்று வந்தான். அண்ணர் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் ஒருநாள் பையன் கந்தோருக்கு வரவில்லை. எங்கே போகிறான் என்று சொல்லக்கூடாதென்று அவனுக்குக் கட்டளை. சண்டை முடிந்த பிறகுதான் மலாயாவிலிருந்து அவனுடைய கூட்டாளி எழுதினான். நீர்மூழ்கியில் கொண்டுபோய் உளவுக்கு இறக்கினார்களாம். யப்பான்காரன் பிடித்து அடித்துக் கேட்டும் ஒருவரையும் காட்டிக் கொடுக்கவில்லையாம். தலையை வெட்டிவிட்டார்கள்.

எங்கள் கந்தோரில் சண்டையில் செத்தவர்களுக்குப் பித்தளைப் பலகை வைத்தார்கள். ராசநாயகத்தின் பெயர் அதில் இல்லை. "அறிவிக்காமல் வேலையைக் கைவிட்டவர்" என்று எழுதி அவனுடைய பைலை மூடியிருந்தார்கள். சொல்லாமல் போ என்றதும் அரசாங்கம், சொல்லாமல் போனான் என்று எழுதியதும் அரசாங்கம்.

அண்ணர் எழுதத் தொடங்கினார். பட்டாளத்தைக் கேள் என்றது கந்தோர். அப்படி ஒரு ஆளே இல்லை என்றது பட்டாளம்.

"வெட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அனுப்பினவங்களுக்குத் தெரியாதாம்!" என்று அண்ணர் கத்தினார்.

"அப்ப யப்பான் சக்கரவர்த்திக்கு ஒரு பெட்டிசம் போடுங்கோவன்" என்று நான் பகிடி விட்டேன். வீடே சிரித்தது. அண்ணர் சிரிக்கவில்லை.

"நான் எழுதி அனுப்பின பெடியன் ஐசே. கொஞ்சம் மோசமா எழுதியிருந்தா எடுத்திருக்க மாட்டாங்கள்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பகிடி விட்டதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருசம் கழித்துப் பதில் வந்தது. விசயத்தை அனுதாபத்தோடு பரிசீலித்தார்களாம். ராசநாயகம் வராத காலம் சம்பளமில்லாத லீவாகக் கொள்ளப்படுமாம். ஆகவே அன்னார் வருகிற திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேலைக்குச் சமுகமளிக்க வேண்டுமாம். சண்டை முடிந்து மலாயாவிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருந்த அவன் தாய்க்கும் ஒரு பிரதி போயிருந்தது. மொட்டைக் கடிதம் எழுதுகிறவன்கூட ஒரு தாய்க்கு இப்படி எழுத மாட்டான்.

அந்தத் திங்கள் காலை அண்ணர் முதலில் கொட்டாஞ்சேனைக்குத்தான் போனார். தாய்மனிசி கடிதத்தோடு வாசலில் நின்றதாம்.

"தம்பி, கவர்மெண்ட் வரச் சொல்லுதெண்டா பிள்ளை உயிரோடதானே?"

"இல்லையம்மா" என்று சொல்லிவிட்டு நேரே கந்தோருக்கு வந்தார். ஒன்பதரை ஆகிவிட்டது. வரவுப் புத்தகத்தில் தன் பெயரை எழுதினார். அடுத்த வரியில் ராசநாயகத்தின் பெயரை, தகப்பன் பெயரோடு, முழுதாக எழுதினார்.

பெரிய கிளாக்கர் பாய்ந்து வந்தார். "என்ன காணும் இது? செத்தவன் வேலைக்கு வந்திட்டானோ?"

"செத்திட்டான் எண்டுதானே சேர் இரண்டு வருசமா எழுதிறன். இப்பதான் ஒத்துக்கொள்ளுறியள்."

கிழிக்க வழியில்லை, ஒவ்வொரு பக்கமும் இலக்கமிட்ட அரசாங்கப் புத்தகம். பெயரை வெட்டவும் சட்டம் இடம் கொடுக்காது. அண்ணரை வெட்டலாம். அந்த மாதமே தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினார்கள். பலகையில் பெயர் கடைசிவரை ஏறவில்லை. அரசாங்கக் கடதாசியில் அவனுக்கு மரியாதையாகக் கிடைத்த இடம் அந்த ஒரு வரிதான்.

அன்றைக்குப் பெரிய கிளாக்கர் என்னையும் விடவில்லை. ஒன்பது அடித்ததும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுக்கிற வேலை என்னுடையது. கோட்டுக்குக் கீழே பெயர் எழுதுகிறவன் பிந்தி வந்தவன்.

"ஒன்பதரைக்கு வந்த மனிசனுக்கு மேலை ஏன் காணும் கோடு இல்லை?"

"மறந்து போனன் சேர்" என்றேன்.

மறக்கவில்லை. ஒன்பது மணியிலிருந்து பேனையைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதி முடித்த பிறகு, இரண்டு பெயருக்கும் கீழே கோட்டை இழுத்தேன். அந்த மனிதரைப் பிந்தி வந்தவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.